கிணத்துத் தண்ணியில நைத்திரேற்று: 18 எண்டா நல்லமா?

உரும்பிராய்ப்பக்கம்:
ரிப்போர்ட்டில "நைத்திரேற்று (நைதரசனாக) 18 மி.கி/லீ" எண்டிருக்கு. எல்லை 50 எண்டு கேள்வி. அப்ப பயமில்லைத்தானே? 4 மாசப் பிள்ளைக்குப் பால்மா கரைக்கிறது இந்தத் தண்ணியிலதான், கொதிக்க வைச்சு ஆறவிட்டு.

ஆய்வுகூடக்காரன்:
அலகைக் கவனியுங்கோ. 50 எண்டது நைத்திரேற்றாக அளந்த எல்லை. உங்கட 18 நைதரசனாக அளந்தது, அதாவது நைத்திரேற்றில இருக்கிற நைதரசனை மட்டும்; 4.43 ஆல் பெருக்கினா நைத்திரேற்றாகக் கிட்டத்தட்ட 80. எல்லை தாண்டிட்டுது.

கொதிக்க வைக்கிறது கிருமிக்குத்தான். நைத்திரேற்று ஆவியாகாது, 10 லீற்றர் வத்தி 8 ஆனா 80 எண்டது 100 ஆகும். குளோரின், கரி வடி, சாதாரண மென்னீராக்கி (தண்ணியின்ர சுண்ணாம்பைக் குறைக்கிறது) ஒண்டும் அதை எடுக்காது. டி.டி.எஸ். (கரைஞ்ச உப்புகளின்ர மொத்தம்) மீற்றரிலயும் அதைத் தனியாக் காட்டாது.

பிள்ளைக்கு இண்டைக்கே வேற தண்ணி பாருங்கோ. போத்தல் தண்ணியெண்டா லேபலில நைத்திரேற்று அளவைப் பாத்து வாங்குங்கோ. உதடு, நகம் நீலம் பாய்ஞ்சா உடன ஆஸ்பத்திரி: நைத்திரேற்று வயித்தில நைத்திரைற்றாகி, இரத்தம் ஒட்சிசன் காவேலாமப் பண்ணும்.

வடிகட்டி_வேலை:
ஆர்.ஓ. (தண்ணியை அமுக்கி மென்சவ்வால வடிக்கிற வடிகட்டி) நைத்திரேற்றை எடுக்கும். ஆனா எங்கட சுண்ணாம்புத் தண்ணியில மென்சவ்வு கெதியா அடைபடும், முன்னுக்கு மென்னீராக்கி போடோணும். அமுக்கம் குறைஞ்சாலும் நைத்திரேற்று தப்பிப் போகும். பூட்டினாப் பிறகு வெளிவாற தண்ணியையும் ஒருக்கா நைத்திரேற்றுக்குக் குடுத்துப் பாருங்கோ, ருசியை நம்பவேண்டாம். கழிவுத் தண்ணியைக் கிணத்தடியில விடாதேங்கோ, வாழைக்கு விடலாம்.

சிவத்தமண்:
வடி போட்டா வீடு தப்பும், கிணறு தப்பாது. 1 கிலோ யூரியா உரத்தில 460 கிராம் நைதரசன். முழுக்க நைத்திரேற்றாகிக் கீழ இறங்கினா ஏறக்குறைய 40,000 லீற்றரை 50 க்குக் கொண்டு போகும். 13 அடி அகலக் கிணத்தில 10 அடி தண்ணி நிண்டா அவ்வளவுதான். செம்மண்ணுக்குக் கீழ வெடிச்ச சுண்ணாம்புக்கல், மழையோட நேர இறங்கும். வெங்காயத்துக்கு உரத்தை ஒரேயடியாப் போடாம 3, 4 தரமாப் பிரிச்சுப் போடுங்கோ, போட்ட கையோட தண்ணி கட்டி நிரப்பாதேங்கோ. மலசலகூடக் குழியையும் பாருங்கோ, பழி முழுக்க உரத்தில இல்லை.

உரும்பிராய்ப்பக்கம்:
பெரியாக்களுக்கு?

ஆய்வுகூடக்காரன்:
50 எண்ட எல்லை புட்டிப்பால் பிள்ளையை நினைச்சு வைச்சது. 2018 இல வந்த டென்மார்க் ஆய்வொண்டில, 27 இலட்சம் பேரில, லீற்றருக்கு 3.87 மி.கி (நைத்திரேற்றாக) க்கு மேலயே பெருங்குடல் புற்றுநோய் கொஞ்சம் கூடக் காணப்பட்டுது. தொடர்பு மட்டுந்தான், காரணம் எண்டு நிறுவேல்ல. மாரி முடியத் திரும்ப ஒருக்காச் சோதியுங்கோ: போத்தலை அதே தண்ணியால 3 தரம் அலசி, ஐஸில வைச்சு, 48 மணித்தியாலத்துக்குள்ள குடுக்கோணும்.