திங்கள் காலையிலிருந்து சோப் (SOAP) அழைப்பு எல்லாமே 500, வேலைக்குச் சேர்ந்து ஆறு வாரம்தான் ஆகிறது

புதுவரவு:
வணக்கம். இந்த நாட்டுக்கு வந்து இரண்டு மாதம், வேலையில் சேர்ந்து ஆறு வாரம், இன்னும் ப்ரொபேஷன் முடியவில்லை. சிஸ்டங்கள் ஒன்றோடொன்று பேசும் முறைகளில் இதுவரை ரெஸ்டும் (REST), அதில் தகவல் போகும் ஜேசான் (JSON) வடிவமும் தவிர எதையும் தொட்டதில்லை. இங்கே என் கையில் கொடுத்தது ஒரு பழைய சோப் இணைப்பு, அதாவது எக்ஸ்எம்எல் (XML) செய்திகளை உறையிலிட்டு அனுப்பும் முறை. எங்கள் பில்லிங் சிஸ்டம் வேறொரு நிறுவனத்தின் வெப் சர்வீஸை அழைத்து வாடிக்கையாளர் கணக்கைச் சரிபார்க்கும். வெள்ளிக்கிழமை வரை ஒழுங்காக ஓடியது. இன்று காலையிலிருந்து ஓர் அழைப்புகூடத் தேறவில்லை, எல்லாம் 500 என்ற பிழை எண். கோடில் நான் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. மேனேஜர் சாயங்காலத்துக்குள் பதில் கேட்கிறார், விசா இந்த வேலையை நம்பித்தான் இருக்கிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

ரெஸ்ட்பக்கம்:
சோப்பை விட்டு வெளியே வருவதுதான் நிரந்தரத் தீர்வு. ராய் ஃபீல்டிங் 2000லேயே தன் ஆய்வேட்டில் ரெஸ்ட் என்றால் என்ன என்று எழுதிவிட்டார், இன்னும் எதற்கு இந்த உறைக்குள் உறை போடுகிற எக்ஸ்எம்எல்? மேனேஜரிடம் பேசி, அந்தச் சர்வீஸை ரெஸ்டாக மாற்ற ஒரு திட்டம் எழுதிக் கொடுங்கள். புதிதாக வந்தவர் தானாக ஒரு யோசனை கொண்டுவந்தால் நல்ல பெயர் கிடைக்கும்.

நேம்ஸ்பேஸ்காயம்:
அது அடுத்த நிறுவனத்தின் சர்வீஸ் என்று தம்பி தெளிவாக எழுதியிருக்கிறாரே, அதை இவர் எப்படி மாற்றுவார்? அதோடு, சோப் மோசம் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சோப் சர்வீஸை விவரிக்கும் டபிள்யூஎஸ்டிஎல் (WSDL) கோப்பு என்பது எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தம் மாதிரி, எந்தப் புலம் கட்டாயம், எது எண், எது தேதி என்று அதிலேயே இருக்கும். ரெஸ்டில் அதை யாராவது தனியாக உட்கார்ந்து எழுதினால்தான் உண்டு.

நான் வெளிநாடு வந்த புதிதில் இரண்டு நாள் தூங்காமல் தேடியது ஒரு சாய்கோட்டை (/). எக்ஸ்எம்எல்லில் ஒரு பெயர் எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்று காட்டும் நேம்ஸ்பேஸ் முகவரியின் கடைசியில் அவர்களிடம் சாய்கோடு உண்டு, என்னிடம் இல்லை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், எக்ஸ்எம்எல்லைப் படிக்கும் நிரலான பார்சருக்கு இரண்டும் வேறு வேறு உலகம். பக்கத்து மேசைக்காரரிடம் கேட்கக் கூச்சம், என் உச்சரிப்பு அவருக்குப் புரியுமோ புரியாதோ என்று பயம். கேட்டிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அதனால் நேம்ஸ்பேஸைப் பாருங்கள் தம்பி, தொண்ணூறு சதவீதம் அதுவாகத்தான் இருக்கும்.

பஸ்டீம்:
எனக்கு இந்த முழு ஏற்பாட்டின் மேலேயே கோபம். சர்வீஸ் ஓரியண்டட் ஆர்க்கிடெக்சரின் நோக்கம் நல்லதுதான்: ஒவ்வொரு துறையின் வேலையும் ஒரு சர்வீஸ், யார் வேண்டுமானாலும் அழைக்கலாம், ஒன்றை மாற்றினால் மற்றது உடையக்கூடாது. நான் சேர்ந்த இடத்தில் எல்லாச் செய்தியும் ஒரே ஈஎஸ்பி (என்டர்பிரைஸ் சர்வீஸ் பஸ்), அதாவது சர்வீஸ்களுக்கு நடுவே செய்தி கடத்தும் பொதுப் பாதை வழியாகப் போகும், அந்த பஸ்ஸுக்கு ஒரே டீம். ஒரு புலம் சேர்க்க டிக்கெட் போட்டு ஐந்து வாரம் காத்திருந்தேன். வணிக விதிகளையெல்லாம் பஸ்ஸுக்குள் திணித்துவிட்டு, ஏன் மெதுவாக இருக்கிறது என்று எங்களையே கேட்டார்கள். யாருக்கும் வேண்டாத பழைய இணைப்புகளைப் புதிதாக வந்தவர் தலையில் கட்டுவதும் எல்லா இடத்திலும் நடக்கிறது.

நேம்ஸ்பேஸ்காயம்:
தலையில் கட்டினார்கள் என்று நானும் அழுதேன். ஆனால் அந்தப் பழைய இணைப்புகளைப் படித்ததால்தான் கம்பெனி எப்படிப் பணம் பார்க்கிறது என்பதே எனக்குப் புரிந்தது.

லாக்படிப்பவர்:
அவர் கேட்டதற்கு வருவோம். தம்பி, நீங்கள் முக்கியமான எதையும் சொல்லவில்லை. 500 உடன் வந்த பதிலின் உள்ளே என்ன இருக்கிறது? சோப் வெர்ஷன் 1.1ஆ, 1.2ஆ? செய்தியின் தலைப்பில் பாதுகாப்பு விவரம் சொல்லும் செக்யூரிட்டி ஹெடர் உண்டா? எந்த நாட்டில் இருக்கிறீர்கள்?

500ஐப் பார்த்துவிட்டு அவர்கள் சர்வர் விழுந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். சோப் 1.1இல் எந்த ஃபால்ட்டாக (பிழைச் செய்தியாக) இருந்தாலும் ஹெச்டிடிபி 500இல்தான் வர வேண்டும், தப்பு நம் செய்தியில் இருந்தாலும் அப்படித்தான். உள்ளே பிழையின் வகையைச் சொல்லும் ஃபால்ட்கோட் இருக்கும். கிளையண்ட் என்றிருந்தால் நாம் அனுப்பியதில் கோளாறு, சர்வர் என்றிருந்தால் அவர்கள் பக்கம். நேம்ஸ்பேஸ் தானாக வார இறுதியில் மாறாது, அவர்கள் புது வெர்ஷன் ஏற்றியிருந்தாலொழிய. அந்த எக்ஸ்எம்எல்லை லாகில் தேடி, கணக்கு எண், பாஸ்வேர்டு எல்லாம் நீக்கிவிட்டு இங்கே ஒட்டுங்கள்.

புதுவரவு:
நன்றி அண்ணா. எங்கள் கோட் 500 வந்தவுடன் உள்ளே இருப்பதைப் படிக்காமலே எறிந்துவிடுகிறது, அதை இப்போதுதான் லாகில் எழுத வைத்தேன். சோப் 1.1தான். ஃபால்ட்கோடில் கிளையண்ட்டும் இல்லை, சர்வரும் இல்லை, இன்வாலிட் செக்யூரிட்டி என்று இருக்கிறது. கீழே ஒரு வரி, செய்தி உருவான நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது என்று. செக்யூரிட்டி ஹெடரை எனக்கு முன்னால் இருந்தவர் லைப்ரரி இல்லாமல் கையாலேயே கட்டியிருக்கிறார். சர்வரின் உள்ளூர் நேரத்தை எடுத்து, பின்னால் ஒரு இசட் (Z) எழுத்தை ஒட்டுகிறார்.

லாக்படிப்பவர்:
நேற்று ஞாயிற்றுக்கிழமை அங்கே கோடை நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினார்களா?

புதுவரவு:
ஆமாம் அண்ணா! போன் தானாகவே மாறிவிட்டது, நான் கவனிக்கவே இல்லை.

லாக்படிப்பவர்:
சரி, அதுதான். இசட் என்றால் இது யூடிசி (UTC), அதாவது உலகப் பொது நேரம் என்று அர்த்தம். குளிர்காலத்தில் உங்கள் நாட்டு நேரமும் யூடிசியும் ஒன்றாக இருந்திருக்கும், அதனால் தப்பான கோட் சரியான விடை கொடுத்துக்கொண்டிருந்தது. இப்போது 09:15க்கு அனுப்பும் செய்தி யூடிசியில் 08:15தான், ஆனால் நீங்கள் 09:15 இசட் என்று எழுதுகிறீர்கள். பழைய செய்தியை யாரும் பிடித்து மறுபடி அனுப்பிவிடக் கூடாது என்பதற்காகத்தான் சோப் செய்திகளின் பாதுகாப்பு விதிமுறையான டபிள்யூஎஸ் செக்யூரிட்டியில் இந்த நேர முத்திரை. பொதுவாகச் சில நிமிட வித்தியாசம் வரை பொறுப்பார்கள், ஒரு மணி நேரத்தைப் பொறுக்க மாட்டார்கள்.

அவசரத்தில் ஒரு மணி நேரத்தைக் கழித்து எழுதிவிடாதீர்கள், கடிகாரம் திரும்பும் அன்று மறுபடி உடையும். நேரத்தை யூடிசியிலேயே கேட்டு வாங்குங்கள், காலாவதி நேரத்துக்கும் அப்படியே. அவர்கள் பக்கச் சோதனையைத் தளர்த்தச் சொல்லியும் கேட்காதீர்கள். காலையிலிருந்து தோற்ற அழைப்புகள் செக்யூரிட்டி வாசலிலேயே திரும்பியவை, கணக்குச் சரிபார்ப்பு மட்டும் என்றால் மறுபடி அனுப்பலாம். பணம் நகர்த்தும் அழைப்பு ஏதாவது கலந்திருந்தால் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்புங்கள். மேனேஜருக்குச் சாயங்காலம் வரை காத்திருக்காமல் இப்போதே காரணத்தை நான்கு வரியில் எழுதுங்கள்.

நேம்ஸ்பேஸ்காயம்:
நான் சொன்னது தப்பு தம்பி, மன்னிக்கவும். மெயிலில் முன்னால் இருந்தவரைக் குறை சொல்லாமல் எழுதுங்கள், அவர் இன்னும் அங்கேயே வேறு டீமில் இருக்கலாம்.

புதுவரவு:
டெஸ்டில் மாற்றிப் பார்த்தேன், வெற்றி என்று சொல்லும் 200 வந்துவிட்டது. கை நடுக்கம் இப்போதுதான் நின்றது. மேனேஜர் நான்கு மணிக்கு ஏற்றச் சொல்லிவிட்டார். தேடிப் பார்த்ததில் இசட் ஒட்டும் அதே வரி இன்னும் இரண்டு சர்வீஸில் இருக்கிறது, ஒன்று மாதக் கடைசியில் மட்டும் ஓடுவது. இரண்டுக்கும் டிக்கெட் போட்டுவிட்டேன்.