பப்ளிக் டிஃபெண்டர்: ‘அரசு வழக்கறிஞர்’ ஏன் சரிவராது?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூர்ச் சட்ட அமைச்சின்கீழ் 2022 டிசம்பரில் தொடங்கிய, வசதி குறைந்தவர்களுக்காகக் குற்ற வழக்குகளில் வாதாடும் பப்ளிக் டிஃபெண்டர்ஸ் ஆபீசுக்கு, நம் துண்டறிக்கையில் எழுதத் தமிழில் எந்தப் பெயர் பொருந்தும்? ‘அரசு வழக்கறிஞர் அலுவலகம்’ போதாதா?

- - -

> ‘அரசு வழக்கறிஞர் அலுவலகம்’ போதாதா?

போதாது ஐயா. இங்கே அரசாங்க வழக்கறிஞர் என்றாலே குற்றஞ்சாட்டும் தரப்பு. டிபிபியும் (டெபுடி பப்ளிக் பிராசிகியூட்டர்) ‘அரசாங்கத் துணை வழக்கறிஞர்’தான். கைதானவரிடம் “அரசு வழக்கறிஞரைப் பாருங்கள்” என்று தாளை நீட்டினால், நம்மை உள்ளே தள்ளப் பார்க்கிறவரிடமே போகச் சொல்கிறார்களே என்று மிரளுவார்.

‘பொதுப் பாதுகாவலர்’ இன்னும் மோசம். கேட்டவுடன் புளோக் வாசலில் நிற்கும் செக்யூரிட்டிதான் நினைவுக்கு வருவார். மனத்திறன் இழந்தவர்களின் நலனைக் கவனிக்கும் பப்ளிக் கார்டியன் அலுவலகத்தோடும் அது மோதும்.

‘சட்ட உதவி வழக்கறிஞர்’ காதுக்கு இதம்தான். ஆனால் சட்ட உதவிப் பிரிவு 1958 முதல் தனியாக இருக்கிறது. அதன் வேலை மணவிலக்கு, பிள்ளைப் பராமரிப்பு போன்ற உரிமையியல் வழக்குகள். நாம் பேசும் அலுவலகம் குற்ற வழக்குகளுக்கு. இரண்டும் ஒரே பெயரில் ஒலித்தால் ஆள் தவறான கவுண்டரில் வரிசை நிற்பார். தமிழ்நாட்டின் ‘சட்டப்பணிகள் ஆணைக்குழு’வை இங்கே ஒட்டவைப்பதும் சரியில்லை, அது இரண்டு வகை வழக்குகளுக்கும் உதவும் அமைப்பு.

‘இலவச’ என்ற அடையையும் விடுங்கள். வசதிக்கேற்பக் கட்டணத்தில் ஒரு பங்கு கேட்கப்படலாம். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டுமே விண்ணப்பிக்கலாம். தொடங்கியபோது வீட்டில் தலைக்கு மாத வருமானம் 1,500 வெள்ளிக்கு மிகக்கூடாது என்பது வரம்பு. மரண தண்டனைக்குரிய வழக்குகள் இதில் சேரா. அவற்றுக்கு உச்ச நீதிமன்றத்தின் லாஸ்கோ திட்டம் உண்டு. அதில் வருமானமும் பார்ப்பதில்லை, குடியுரிமையும் பார்ப்பதில்லை.

என் பரிந்துரை: அரசாங்கத் தற்காப்பு வழக்கறிஞர்.

- - -

அம்மா, முன்பாதி சரி, பரிந்துரையில் ஒரு பொறி இருக்கிறது. ‘அரசாங்கத் தற்காப்பு’ என்பது அரசாங்கத்தைத் தற்காப்பது என்றும் விரியும். ஆறாம் வேற்றுமையாக நீங்கள் எழுதுவதை வாசகர் இரண்டாம் வேற்றுமையாகப் படிப்பார், பொருள் தலைகீழாகிவிடும்.

ஆகவே பொதுத் தற்காப்பு வழக்கறிஞர். ‘பொது’ என்றால் இரு தரப்புக்கும் பொதுவானவரோ என்ற ஐயத்தைத் ‘தற்காப்பு’ நீக்கிவிடும். தற்காப்பு வழக்கறிஞர் நாளிதழில் பழகிய சொல்தானே.

ஒரு நிபந்தனை: ‘வழக்கறிஞர்’ உதிரவே கூடாது. நீளம் கருதி யாராவது ‘பொதுத் தற்காப்பு அலுவலகம்’ என்று சுருக்கினால், தற்காப்பு அமைச்சு, முழுமைத் தற்காப்பு, குடிமைத் தற்காப்புப் படை என்ற வரிசையில் போய் உட்கார்ந்துகொள்ளும். தீயணைப்பு நிலையம் என்றே நினைப்பார்கள். சுருக்கித்தான் ஆகவேண்டும் என்றால் பப்ளிக் டிஃபெண்டர்ஸ் ஆபீசின் ஆங்கில முதலெழுத்துகளான ‘பிடிஓ’ என்றே எழுதலாம்.

- - -

ஏற்கிறேன் ஐயா. துண்டறிக்கையில் முதல்முறை வரும் இடத்தில் அடைப்புக்குள் ‘குற்றஞ்சாட்டப்பட்டவருக்காக வாதாடுபவர்’ என்று சேர்ப்போம். ‘குற்றவாளிக்காக’ என்று யாரும் தட்டச்சு செய்துவிட வேண்டாம். தீர்ப்பு வரும்வரை அவர் குற்றவாளி அல்லர்.