மறு: 'டிரக் ரீபர்ப்பசிங்' – 'மறுபயன்பாடு' பொருந்தாது, 'புதுப்பயன் நிறுவல்' என் முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்கு,

ஒரு நோய்க்கென வந்த பழைய மருந்தை வேறொரு நோய்க்குப் பயன்படுத்துவதே 'டிரக் ரீபர்ப்பசிங்'. அதற்குத் தமிழில் மறுபயன்பாடு, மறுநோக்காக்கம், பயன்விரிவு என மூன்று சொற்கள் இந்த இழையில் வந்துள்ளன. மூன்றையும் ஏற்க எனக்குத் தயக்கம் இருக்கிறது. மருத்துவக் கட்டுரைகளோடு இந்தச் சொல் நின்றுவிடாது. காப்புரிமை முடிந்த மருந்துகளில் புதிய பயன்களைத் தேடுவோருக்கு எப்படி ஊக்கம் தருவது என்ற சட்ட விவாதத்திலும் இதுதான் நடுவில் நிற்கும். ஆகவே சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

> மறுபயன்பாடு எல்லோருக்கும் புரியும். புதிதாக ஒன்றைப் படைக்க வேண்டியதில்லை.

புரியும்; ஆனால் வேறொன்றாகப் புரியும். கண்ணாடிப் புட்டியைக் கழுவித் திரும்பப் பயன்படுத்துவதற்கு அந்தச் சொல்லை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். 'மருந்து மறுபயன்பாடு' என்ற தலைப்பைப் பார்க்கும் வாசகர், மீந்துபோன மாத்திரைகளைப் பற்றிய கட்டுரை என்றே நினைப்பார்.

மறுநோக்காக்கம் ஆங்கிலச் சொல்லின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்து வைத்தது. வாய்க்கும் வரவில்லை, 'நோக்கு' பார்வையையும் குறிப்பதால் பொருளும் தெளியவில்லை.

> பயன்விரிவு – சுருக்கமாகவும் இருக்கிறது, வினையாகவும் வரும்.

மூன்றில் நல்லது இதுவே. சில்டெனாஃபிலுக்கு நன்றாகப் பொருந்தும். நெஞ்சுவலிக்காக ஆராயப்பட்ட அந்த மருந்து 1998இல் ஆண்மைக் குறைபாட்டுக்கும், 2005இல் நுரையீரல் தமனி உயர் அழுத்தத்துக்கும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஆனால் தாலிடோமைடை என்ன செய்வது? 1957இல் மேற்கு ஜெர்மனியில் தூக்க மருந்தாகக் கடைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான குழந்தைகள் உறுப்புக் குறைபாட்டோடு பிறந்த பிறகு 1961இல் திரும்பப் பெறப்பட்டது. 1964இல் ஜெருசலேமில் ஜேக்கப் ஷெஸ்கின் என்ற மருத்துவர், வலியில் தூங்க முடியாமல் தவித்த தொழுநோயாளிக்கு அதைக் கொடுத்தார். தொழுநோயின் எதிர்வினையாக எழுந்திருந்த தோல் முடிச்சுகள் தணிந்தன. அந்தப் பயனுக்கு அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது 1998இல். மல்டிபிள் மைலோமா என்ற எலும்புமச்சைப் புற்றுநோய்க்கு 2006இல். இங்கே பழைய பயன் ஒழிந்தே போயிற்று. எதுவும் விரியவில்லை.

இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. மூன்று சொற்களும் மருந்துக்கு என்ன நேர்ந்தது என்று சொல்கின்றன. மனிதர்கள் செய்த வேலையைச் சொல்லவில்லை. 1964க்கும் 1998க்கும் இடையே 34 ஆண்டுகள். ஒரு மருத்துவர் கண்டது ஒப்புதல் பெற்ற பயனாக ஆவதற்கு நடுவில் கிடக்கும் சோதனை, செலவு, காத்திருப்பு எல்லாம் இந்தச் சொற்களில் மறைந்துவிடுகின்றன.

2020ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். கோவிட் நோயாளிகளுக்கு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து உதவலாம் என்பது ஓர் ஊகம். மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயின் உதவலாம் என்பதும் ஊகம்தான். இரண்டும் மலிவான பழைய மருந்துகள். பிரிட்டனில் நடந்த 'ரெகவரி' சோதனை இரண்டையும் ஆராய்ந்தது. டெக்சாமெத்தசோன், செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களின் இறப்பை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் தெரியவில்லை. ஹைட்ராக்சிகுளோரோகுயின் இறப்பைக் குறைக்கவில்லை. புதுப்பயன் என்று ஒன்று அந்தச் சோதனைக்குப் பிறகுதான் உண்டாயிற்று. அந்தச் சோதனை நடந்தது பொதுப் பணத்தில்.

மருந்து நிறுவனம் அந்தச் செலவை ஏன் ஏற்பதில்லை? ஏற்று நடத்தி வென்றாலும், அதே மூலக்கூறை விற்கும் பத்து நிறுவனங்கள் மறுநாளே அதன் பலனை அறுவடை செய்யும். ஐரோப்பியக் காப்புரிமை ஒப்பந்தத்தின் 54(5)ஆம் பிரிவு, தெரிந்த மருந்தின் புதிய மருத்துவப் பயனுக்குக் காப்புரிமை பெற வழிவிடுகிறது. அமெரிக்காவில் சிகிச்சை முறைக்கே காப்புரிமை வாங்கலாம். ஆனால் மருந்துச்சீட்டில் மருந்தின் பெயர் இருக்குமே தவிர, பெரும்பாலும் நோயின் பெயர் இருக்காது. எந்த நோய்க்காக விற்றோம் என்று கடைக்காரருக்கே தெரியாதபோது எவர் மீது வழக்குத் தொடுப்பது? நரம்புவலிக்குக் கொடுக்கும் பிரிகாபலின் என்ற மருந்தின் காப்புரிமை வழக்கில் 2018இல் தீர்ப்பளித்த பிரிட்டன் உச்ச நீதிமன்ற நீதிபதிகளே உரிமை மீறலை எப்படி அளப்பது என்பதில் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. ஆகவே சட்டத்தில் உரிமை இருந்தும் நடைமுறையில் அது காகிதமாகவே கிடக்கிறது.

இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(ஈ) பிரிவு, அதாவது ஆங்கில வரிசையில் 3(டி), தெரிந்த பொருளின் புதிய பயனைக் கண்டறிவது மட்டும் கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது. பழைய மருந்தின் காப்புரிமையைச் சிறு மாற்றங்களால் நீட்டிக்கொண்டே போவதைத் தடுக்கும் அரண் அது. அதைத் தளர்த்தச் சொல்வோருடன் எனக்கு உடன்பாடில்லை. கண்டறிதலுக்கு உரிமை கொடுத்தால் ஊகத்துக்கு உரிமை கொடுத்ததாகும். நிறுவியவருக்கே ஊதியம் வேண்டும். அதுவும் நிறுவிய அளவுக்குத்தான் வேண்டும். கால்ச்சிசினை அமெரிக்கா பாடமாக வைத்திருக்கிறது. நெடுங்காலமாகக் கீல்வாதத்துக்குக் கொடுத்துவந்த மருந்து அது; 2009இல் ஒரு நிறுவனம் முறையான ஒப்புதலும் தனியுரிமைக் காலமும் பெற்றதும், சில சென்ட்டுகளுக்கு விற்ற மாத்திரை ஏறத்தாழ ஐந்து டாலர் ஆயிற்று. மருத்துவர்கள் அறியாத புதுப்பயன் எதுவும் நோயாளிக்குக் கிடைக்கவில்லை, விலைதான் ஏறியது. மறுபுறம், நெடுநாள் புழக்கத்தில் உள்ள மருந்துக்குப் புதிய பயனை நிறுவினால் ஐரோப்பா தரும் தரவுப் பாதுகாப்பு, அதாவது அந்தச் சோதனைத் தரவைப் பிற நிறுவனங்கள் தம் ஒப்புதலுக்குப் பயன்படுத்த முடியாத காலம், ஓராண்டு மட்டுமே. பெரிய சோதனை ஒன்றின் செலவுக்கு முன் அது ஒன்றுமே இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் சீர்திருத்தம் வழி தேட வேண்டும்: சோதனைக்குப் பொதுப் பரிசு, நோயின் பெயரையும் பதிவு செய்யும் மருந்துச்சீட்டு, சான்றின் வலுவுக்கேற்ற கால அளவு.

எனவே என் முன்மொழிவு: புதுப்பயன் நிறுவல். தேற்றத்தை நிறுவுகிறோம், குற்றத்தை நிறுவுகிறோம்; ஐயத்துக்கு இடமின்றிக் காட்டுதல் என்ற பொருள் அந்த வினையில் ஊறியிருக்கிறது. கணினித் துறையில் நிறுவல், மென்பொருளைக் கணினியில் ஏற்றுதல் என்ற வேறு பொருளில் வழங்குகிறது என்று சிலர் சொல்லக்கூடும். 'புதுப்பயன்' முன்னால் நிற்கும்போது குழப்பம் வராது. கிளைச்சொற்களும் இயல்பாக வருகின்றன: நிறுவிய பயன், நிறுவாப் பயன், நிறுவல் ஊதியம். வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன் (பொதுப்பெயர் மருந்து என்பது 'ஜெனரிக்'): "பொதுப்பெயர் மருந்துகளில் புதுப்பயன் நிறுவலுக்கு அரசு நிதி ஒதுக்க வேண்டும்." உறுத்தவில்லை.

ஒரு வேறுபாட்டைக் காக்க வேண்டும். 'ஆஃப் லேபிள்' பயனை, அதாவது ஒப்புதல் பெறாத நோய்க்கு மருத்துவர் மருந்தைக் கொடுப்பதை, நிறுவாப் பயன் என்று எழுதிவிடக் கூடாது. குழந்தைகளின் இரத்தநாளக் கட்டிக்குப் புரோப்ரனலால் என்ற பழைய இரத்த அழுத்த மருந்து பயன்படுவதை பிரெஞ்சு மருத்துவர்கள் 2008இல் அறிவித்தனர். அமெரிக்க ஒப்புதல் வந்தது 2014இல். இடைப்பட்ட காலத்தில் சான்று சேர்ந்துகொண்டே வந்தது, ஒப்புதல்தான் இல்லை. அதற்கு 'ஒப்புதலுக்குப் புறம்பான பயன்' என்றே வைத்துக்கொள்ளலாம்.

அடுத்ததாக 'ஸ்கின்னி லேபிள்' இருக்கிறது. காப்புரிமை உள்ள பயனை மட்டும் விட்டுவிட்டு, மற்றப் பயன்களை அச்சிட்ட தாளுடன் பொதுப்பெயர் மருந்தை விற்கும் முறை. 1984ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் இதற்கு இடம் தந்தது. 'பயன் நீக்கிய விவரத்தாள்' என்று குறித்து வைத்திருக்கிறேன். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் அந்தத் தாளைத் துறையில் இருப்பவர்கள் தமிழில் எப்படி அழைக்கிறார்கள் என்று குழுவில் உள்ள மருந்தாளுநர்கள் எழுதினால், அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

அன்புடன்