மறுபடியும் க்ரூஸ்: எப்போது போகலாம், எந்த வழியில் போகலாம்?

மெரினாக்காற்று எழுதியது:

வணக்கம். 2019-ல் போனதோடு சரி, அதன்பிறகு வீட்டில் யாரும் க்ரூஸ் பேச்சையே எடுக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்றே கொரோனா அவசரநிலை முடிந்தது என்று அறிவித்துவிட்டது, கப்பல்களும் நிரம்பித்தான் போகின்றன. ஆனாலும் யோகோஹாமாவில் நின்ற டைமண்ட் பிரின்சஸ் நினைவு மனதை விட்டுப் போகவில்லை. 3,711 பேர் இருந்த கப்பலில் 712 பேருக்குத் தொற்று.

போகவேண்டியவர்கள் நான்கு பேர்: நான், மனைவி, 10 வயது மகள், அம்மா. அம்மாவுக்கு 71 வயது. பதினைந்து வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின் இரண்டும் எடுக்கிறார். பிரஷருக்கு ஆம்லோடிபின். சமதரையில் நன்றாக நடப்பார், படி ஏறுவதுதான் கஷ்டம்.

பார்த்து வைத்திருப்பவை இரண்டு. ஒன்று, ஜூலையில் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கை போய்வரும் 5 இரவு. மற்றது, டிசம்பர் லீவில் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, ஃபுக்கெட் 4 இரவு. இன்னும் ஒரு வருடம் பொறுக்கலாமா, இல்லை இந்த இரண்டில் ஒன்றை எடுக்கலாமா? எதை வைத்து முடிவு செய்வது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நங்கூரம் எழுதியது:

பொறுப்பதால் எதுவும் மாறப்போவதில்லை சார். அரசு அமைப்புகள் நமக்காக முடிவெடுத்த காலம் ஒன்று இருந்தது. அமெரிக்காவின் நோய்த்தடுப்பு அமைப்பான சிடிசி 2020 மார்ச் 14-ல் கப்பல் ஓட்டத்தை நிறுத்தியது, அக்டோபர் 30-ல் நிபந்தனைகளோடு வழி திறந்தது, 2022 ஜூலை 18-ல் கப்பல்களுக்கான கோவிட் திட்டத்தையே மூடியது. ஏறும் முன் பரிசோதனை, தடுப்பூசிச் சான்று, பாதி ஆட்கள் என்ற ஏற்பாடெல்லாம் படிப்படியாகப் போயிற்று. இனி ஒரு தேதி வந்து "இன்று முதல் பயமில்லை" என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஆகவே கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். நால்வரில் ஒருவர் இரண்டாம் நாள் படுத்துவிட்டால், மீதி நாட்களைக் கேபினுக்குள்ளேயே கழிக்க உங்களால் முடியுமா? அதற்கான பணமும் மருந்தும் கையில் இருக்குமா? "முடியும்" என்று பதில் வந்தால் அடுத்த மாதமே போகலாம். வராவிட்டால் இன்னும் இரண்டு வருடம் கழித்தும் போகவேண்டாம்.

அடுத்து, கடல். இதை யாரும் பார்ப்பதில்லை. தென்மேற்குப் பருவமழையில் மேற்குக் கரை கொந்தளிக்கும் என்பதால்தான் மும்பையில் ஓடும் கப்பல் ஜூன் வாக்கில் சென்னைப் பக்கம் வருகிறது. ஜூலையில் திருகோணமலை அமைதியாக இருக்கும், காற்றுக்கு மறைவான பக்கம் அது. ஆனால் அம்பாந்தோட்டை தென்கரை. தென்மேற்குக் காற்றின் அலை நேராக அங்கே வந்து அடிக்கும். உங்கள் பயணத்தில் அம்பாந்தோட்டை இருந்தால் ஓர் இரவாவது ஆட்டம் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் நிலைமை தலைகீழ். மலாக்கா நீரிணை பொதுவாகவே அடங்கிய கடல். ஃபுக்கெட்டின் மேற்குக் கரைக்கும் அதுதான் நல்ல பருவம்.

ஃபுக்கெட்டில் ஒரு விஷயம். பெரிய கப்பல்கள் பல நேரம் படோங் கடலில் நங்கூரமிட்டு, சிறு படகில் ஆட்களை இறக்கும். கப்பலின் பக்கவாட்டுக் கதவிலிருந்து ஆடுகிற படகுக்குள் கால் வைக்கவேண்டும். அலை எழும்பும்போது அரை அடி, ஒரு அடி வித்தியாசம் வரும். படி ஏறச் சிரமப்படும் அம்மாவுக்கு அது சரிவராது. பினாங்கில் ஜார்ஜ் டவுனிலேயே இருக்கும் ஸ்வெட்டன்ஹாம் படகுத்துறையில் கப்பல் நேராகக் கட்டும். அங்கே இறங்கட்டும், ஃபுக்கெட்டில் கப்பலிலேயே ஓய்வெடுக்கட்டும்.

மூன்றாவது, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்பது. கப்பல் மருத்துவ மையத்தில் டாக்டர், நர்ஸ், ஈசிஜி, எக்ஸ்ரே, அடிப்படை ரத்தப் பரிசோதனை, ஆக்சிஜன் உண்டு. கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்க வென்டிலேட்டரும் இருக்கும். டயாலிசிஸ், ஆஞ்சியோ கிடையாது. கரையில் இறக்கும் வரை நிலைநிறுத்துவதுதான் அவர்கள் வேலை. பினாங்கில் இறக்கினால் நகரத்துக்குள்ளேயே பெரிய ஆஸ்பத்திரிகள். காங்கேசன்துறையில் இறக்கினால் யாழ்ப்பாணம் போதனா மருத்துவமனை பக்கம்தான். திருகோணமலையிலோ அம்பாந்தோட்டையிலோ மாவட்ட மருத்துவமனை உண்டு, ஆனால் உயர்சிகிச்சை வேண்டுமென்றால் கொழும்புக்குச் சாலை வழியே சுமார் 250 கிலோமீட்டர். 71 வயதில் சர்க்கரையோடு வருபவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. என் ஓட்டு டிசம்பர் சிங்கப்பூருக்கு.

மருந்துச்சீட்டு எழுதியது:

நங்கூரம் சொன்னதோடு உடன்படுகிறேன், டிசம்பர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கையோடு. சிங்கப்பூரில் 2023 டிசம்பர் 3 முதல் 9 வரையிலான ஒரே வாரத்தில் 56,043 கோவிட் தொற்று கணக்கிட்டார்கள். லீவுக் கூட்டம் சேரும் மாதம் என்பதால் புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே அந்த ஊர் சுகாதார அமைச்சின் அறிவிப்பைப் பார்த்துக்கொண்டிருங்கள். எண்ணிக்கை ஏறினால் பயணத்தை ரத்து செய்ய வேண்டியதில்லை. டெர்மினல் வரிசை, லிஃப்ட், தியேட்டர் மூன்றிலும் அம்மாவுக்கு N95 மாஸ்க். சாப்பாடு திறந்த தளத்தில். அது போதும்.

ஆனால் கப்பலில் உண்மையில் அம்மாவைப் படுக்கவைக்கக்கூடியது கோவிட் அல்ல, நோரோவைரஸ். தொற்றிய 12 முதல் 48 மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் ஒன்றாக வரும். அங்கங்கே வைத்திருக்கும் சானிடைசர் இதற்குச் சரியாக வேலை செய்யாது. சோப்பும் தண்ணீரும் போட்டு 20 விநாடி தேய்த்தால்தான் போகும். பஃபேயில் பெரும்பாலானோர் கை கழுவிவிட்டு வந்து, நூறு பேர் பிடித்த கரண்டியைப் பிடித்து, அதே கையால் பூரியைப் பிட்டுச் சாப்பிடுவார்கள். தட்டில் எடுத்து மேசையில் வைத்தபிறகு இன்னொரு முறை கழுவச் சொல்லுங்கள். முடிந்தால் அம்மாவுக்குப் பரிமாறும் உணவகம்தான், பஃபே வேண்டாம்.

இப்போது மிக முக்கியமானது. அம்மா எடுக்கும் டாபாகிளிஃப்ளோசின், மெட்ஃபார்மின் இரண்டையும் வாந்தி பேதி வந்த நாளில் தொடரக்கூடாது. உடம்பில் நீர் வற்றும்போது மெட்ஃபார்மின் தேங்கும். டாபாகிளிஃப்ளோசினோ, சாப்பாடு இறங்காத நிலையில் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலத்தை ஏற்றிவிடும். அப்போது குளுக்கோமீட்டர் 180, 200 என்று சாதாரணமாகக் காட்டும், ஆபத்து உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். சர்க்கரை அளவு நன்றாக இருக்கிறதே என்று வீட்டில் ஏமாறுவது இங்கேதான். வயிற்றுவலி, ஆழமாக வேகமாக மூச்சு வாங்குதல், மயக்கமான தூக்கம் என்றால் உடனே மருத்துவ மையம். ரத்தக் கீட்டோன் பார்க்கும் மீட்டரும் பட்டையும் வாங்கிப்போங்கள், 1.5-க்கு மேல் காட்டினால் காத்திருக்காதீர்கள். நன்றாகச் சாப்பிட்டுத் தண்ணீர் தங்கி 24 முதல் 48 மணி நேரம் ஆனபின் மாத்திரைகளைத் திரும்பத் தொடங்கலாம். இதையெல்லாம் அவருடைய டாக்டரிடம் கேட்டு, "உடம்பு முடியாத நாளில் என்ன செய்வது" என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுபவராக இருந்தால் விதி வேறு, அதைத் தானாக நிறுத்தவே கூடாது.

பையில் வைக்கவேண்டியது: ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் 10 (ஒன்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், அரை பாட்டிலில் அரை பாக்கெட் என்று கலக்கவேண்டாம், அளவு தப்பும்), தெர்மாமீட்டர், பல்ஸ் ஆக்சிமீட்டர், ஆளுக்கு இரண்டு கோவிட் டெஸ்ட் கிட். காய்ச்சல் வந்த முதல் நாளே டெஸ்ட் நெகட்டிவ் என்றால் நிம்மதி அடையாதீர்கள், 48 மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். மாத்திரைகள் பயண நாட்களுக்கு மேல் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக, கைப்பையில்.

ஃப்ளூ தடுப்பூசி கிளம்புவதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன். டிசம்பர் பயணம் என்றால் அக்டோபரில் போட்டுவிடுங்கள், சென்னை மழைக்கால ஃப்ளூவுக்கும் ஆகும். நிமோனியா தடுப்பூசி போட்டிருக்கிறாரா என்றும் கேளுங்கள். கோவிட் மாத்திரையான நிர்மாட்ரெல்விர்-ரிட்டோனாவிர் அறிகுறி தொடங்கி 5 நாளுக்குள் தொடங்கவேண்டியது. அது ஆம்லோடிபினின் வேகத்தைக் கூட்டும், சில கொலஸ்ட்ரால் மாத்திரைகளோடு சேரவே சேராது, சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அளவு குறைக்கவேண்டும். அதனால் இப்போதே ஒரு கிரியேட்டினின் டெஸ்ட் எடுத்து, முடிவையும் மருந்துப் பட்டியலையும் கப்பல் டாக்டரிடம் காட்டும்படி வைத்திருங்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

உடம்பைப் பற்றி இருவரும் சொல்லிவிட்டார்கள், நான் காசைப் பற்றி.

முதலில், "ரத்து செய்தால் கிரெடிட் தருகிறோம்" (அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ளும் வரவு) என்பதைப் பணத்துக்குச் சமமாக எண்ணாதீர்கள். 2022 ஜனவரியில் ஜென்டிங் ஹாங்காங் என்ற க்ரூஸ் நிறுவனம் கலைப்பு மனு போட்டது. சிங்கப்பூரில் ஓடிக்கொண்டிருந்த அதன் வேர்ல்ட் ட்ரீம் கப்பல் மார்ச் தொடக்கத்தில் நின்றது. கம்பெனி மூடும்போது பயணிகள் கையிலிருக்கும் கிரெடிட் அடமானக் கடன்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும். கிரெடிட் கார்டில் கட்டுங்கள். சேவையே கிடைக்காமல் போனால் வங்கியிடம் முறையிட ஒரு வழியாவது இருக்கும். நேரடிப் பணமாற்றத்தில் அதுவும் இல்லை.

புக் செய்யும் முன் ரத்துக் கட்டண அட்டவணையை எழுத்தில் வாங்குங்கள். எத்தனை நாள் முன் எத்தனை சதவீதம் பிடிப்பார்கள் என்பது கப்பலுக்குக் கப்பல், சலுகைக்குச் சலுகை மாறும். "திரும்பப் பெறமுடியாத முன்பணம்" என்று ஒரு மலிவு விலை இருக்கும். வயதானவரோடு போகும் குடும்பம் அதைத் தொடக்கூடாது. எந்தத் தேதியில் பிடித்தம் தொடங்குகிறதோ அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன் காலண்டரில் குறித்துவைத்து, அன்றைக்கு அம்மாவின் நிலையைப் பார்த்து முடிவெடுங்கள். நீங்கள் கேட்ட "எப்போது" என்பதற்கு நடைமுறையில் அந்த நாள்தான் பதில்.

இன்ஷூரன்ஸ். இலங்கை போனாலும் வெளிநாட்டுப் பயணம்தான், உள்ளூர் மெடிகிளெய்ம் உதவும் என்று இருக்கவேண்டாம். பாலிசியில் "ஏற்கெனவே உள்ள நோய்" பகுதியை முதலில் படியுங்கள். பல பாலிசிகள் சர்க்கரை தொடர்பானதை உயிருக்கு ஆபத்து வந்தால் மட்டும் தரும், சில அதுவும் தராது. அடுத்து, கப்பல் மருத்துவ மையச் செலவு வெளிநோயாளிக் கணக்கா, உள்நோயாளிக் கணக்கா என்று மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். 24 மணி நேரம் படுக்கையில் இருந்தால்தான் கிளெய்ம் என்ற விதி இருந்தால், மூன்று மணி நேரம் டிரிப்ஸ் ஏற்றிய பில் உங்கள் தலையில்தான். அந்த பில் கப்பல் கணக்கில் ஏறும், இறங்குமுன் கட்டியாகவேண்டும். அதனால் வரிவாரியான பில், டாக்டர் குறிப்பு, ரசீது மூன்றையும் முத்திரையோடு வாங்காமல் இறங்காதீர்கள். நோயாளியை அவசரமாகக் கரைக்கு மாற்றும் செலவு, தனிமைப்படுத்தலில் கூடுதலாகத் தங்கும் செலவு, இரண்டும் பாலிசியில் இருக்கவேண்டும்.

விசா: சிங்கப்பூரில் ஏறி சிங்கப்பூருக்கே திரும்புவதால் இரண்டு முறை நுழைகிறீர்கள். விசா பலமுறை நுழைவுக்கானதா என்று தாளில் பாருங்கள். சிங்கப்பூரில் நுழைய இணையத்தில் நிரப்பும் எஸ்ஜி அரைவல் கார்டும் கப்பல் திரும்பும் நாளுக்கு இன்னொரு முறை நிரப்பவேண்டும், அந்த நாளையும் சேர்த்து அதற்கு முந்தைய மூன்று நாளுக்குள். கப்பல் வைஃபை மந்தமாக இருக்கும், அந்த மூன்று நாளுக்குள் கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது தேதி பார்த்து முடித்துவிடுங்கள்.

விமானம்: 2023 டிசம்பர் 4-ல் மிக்ஜாம் புயலில் சென்னை விமான நிலைய ஓடுபாதையையே மூடினார்கள். கப்பல் உங்களுக்காக நிற்காது. இரண்டு நாள் முன்பே சிங்கப்பூர் போய்விடுங்கள். திரும்பும் டிக்கெட் தேதி மாற்றக்கூடியதாக இருக்கட்டும்.

மெரினாக்காற்று எழுதியது:

மூவருக்கும் நன்றி. மாத்திரையை நிறுத்தும் விஷயம் எங்கள் யாருக்குமே தெரியாது. திங்கட்கிழமையே டாக்டரைப் பார்க்கிறோம். சிங்கப்பூர் என்றே வைத்துக்கொள்கிறேன். கடைசியாக ஒன்று: நான்கு பேர் படுக்கும் பால்கனிக் கேபின் ஒன்றும், ஜன்னல் கேபின் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விலை வருகிறது. காற்றோட்டத்துக்குப் பால்கனிதானே நல்லது?

நங்கூரம் எழுதியது:

இரண்டு கேபின் எடுங்கள், யோசிக்கவே வேண்டாம். நால்வரும் ஒரே அறை, ஒரே கழிப்பறை என்றால் ஒருவருக்கு வந்தது இரண்டு நாளில் எல்லோருக்கும் வரும், பால்கனிக் கதவைத் திறந்து வைத்தாலும். நோரோ வந்தவர் அறிகுறி நின்று 48 மணி நேரம் வரை தனியே இருக்கவேண்டும். இரண்டாவது கேபின் இருந்தால்தான் அது நடக்கும். நடுவில் கதவு உள்ள ஜோடிக் கேபினாகக் கேளுங்கள். உங்களில் ஒருவர் அம்மாவோடு, மற்றவர் மகளோடு.

கப்பலின் நடுப்பகுதி, கீழ்த்தளம், லிஃப்ட்டுக்குப் பக்கம். சாதாரணக் கேபின்களில் கழிப்பறை வாசலில் தண்ணீர் வெளியே வராதபடி ஒரு தடுப்பு மேடு இருக்கும். இரவு எழுந்து போகும்போது வயதானவர்கள் கால் தடுக்குவது அதில்தான். எந்தக் கேபினில் அது இல்லை என்று எண்ணோடு கேளுங்கள். எல்லாவற்றிலும் இருந்தால் அம்மாவின் படுக்கை பக்கமாக ஒரு சின்ன இரவு விளக்கு கொண்டுபோங்கள். பேட்டரியில் எரிவதாக இருக்கட்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டுபோனால் ஏறும்போதே எடுத்து வைத்துக்கொள்வார்கள்.