றெட் டொட் புள்ளி வால்வெள்ளி மாதிரித் தெரிகிறது, உதவுங்கோ

வடலி:
வணக்கம். தொலைநோக்கிக்கு மேலே குறி பார்க்கப் பூட்டியிருக்கிற றெட் டொட்டில் சிவப்புப் புள்ளி ஒழுங்காகத் தெரியவில்லை. ஒரு பக்கம் வால் இழுத்து, நடுவில் இரண்டு மூன்றாகப் பிரிந்து நிற்கிறது. வியாழனைப் பிடிக்கப் போனால் அந்த இழுவை வியாழனையே மூடிவிடுகிறது. சாமான் பழுதா? கொழும்பில் வாங்கியது. திருப்பி அனுப்புவதா, வேறு வாங்குவதா? நாளைக்கு வானம் வெளிக்கும் போல இருக்கு, கெதியாச் சொல்லுங்கோ.

கொக்குவில்காரன்:
என்ன தொலைநோக்கி? எத்தனை மில்லிமீற்றர்? பெரிய தொலைநோக்கிக்குள்ளால் பார்த்தாலும் இழுபடுகிறதா, றெட் டொட்டில் மட்டும்தானா? உங்களுக்கு என்ன வயது?

பனம்பழம்:
பற்றரிதான். அந்தச் சின்ன வட்டப் பற்றரி, சிஆர்2032, இறங்கினால் இப்படித்தான் செய்யும். புதுசு போட்டுப் பாருங்கோ.

பழைய லென்ஸ்:
பற்றரி இறங்கினால் புள்ளி மங்கும், வால் முளைக்காது. ஒவ்வொரு மாரிக்கும் ஒருவர் வந்து இதே கேள்வியைக் கேட்கிறார். தேடிப் பார்க்கிற பழக்கம் யாருக்கும் இல்லை. கருவியின் அளவு, கண்வில்லை (தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்க்கிற வில்லை), பாவிக்கிறவரின் கண் நிலை, இந்த மூன்றும் இல்லாமல் கேட்டால் சோதிடம்தான் சொல்லலாம்.

மூக்குக்கண்ணாடி:
அண்ணா, நான் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். நீங்கள் சொல்வது அஸ்ரிக்மாற்றிசம் போல இருக்கிறது. கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே அளவாக இல்லாவிட்டால், ஒரு புள்ளி வெளிச்சம் விழித்திரையில் புள்ளியாக விழாது, கோடாக இழுபடும். பகலில் அவ்வளவு தெரியாது. இருட்டில் கண்மணி விரிந்தால் கூடும்.

காசு செலவில்லாமல் பார்க்கலாம். றெட் டொட்டுக்குள்ளால் பார்த்துக்கொண்டே தலையைத் தோள் பக்கம் சரியுங்கள். வாலும் தலையோடு சேர்ந்து திரும்பினால் பிழை கண்ணில். தலை திரும்பியும் வால் அப்படியே நின்றால் பிழை கருவியில். இன்னொன்று, மட்டையில் ஊசியால் ஒரு துளை போட்டு அதற்குள்ளால் பாருங்கள். புள்ளி திடீரென்று சுத்தமானால் கண்தான். வெளிச்சத்தைக் குறைத்து வைத்துப் போனில் ஒரு படமும் எடுங்கள். போனுக்கு அஸ்ரிக்மாற்றிசம் இல்லை.

கண்ணாடி போடுகிறீர்களா?

ஸ்காபரோ சித்தப்பா:
தம்பி, இந்தக் கரைச்சல் எனக்கு நன்றாகத் தெரியும். நான் இங்கே ஒன்ராறியோவில் மான் வேட்டைக்குப் போகிறவன். லைசன்ஸோடுதான், ஆரும் பயப்படாதையுங்கோ. துவக்கில் பூட்டுகிற றெட் டொட்டும் உங்கள் தொலைநோக்கியில் இருப்பதும் ஒரே வேலைதான். சின்ன எல்ஈடி, முன்னால் வளைந்த கண்ணாடி, புள்ளி வெகு தூரத்தில் இருப்பது போலத் தெரியும். பெட்டியில் 2 எம்ஓஏ என்று போட்டிருப்பான், அதாவது புள்ளி 100 மீற்றரில் கிட்டத்தட்ட 6 சென்ரிமீற்றரை மூடும். என் கண்ணுக்கு அது சிதறின மத்தாப்பு.

எங்கள் ஆட்கள் இதற்கு இரண்டு வழி சொல்வார்கள். ஒன்று பிறிசம் சைற், உள்ளே பிறிசம் வைத்த குறிபார்க்கிற கருவி. உருப்பெருக்கம் இல்லாத 1 மடங்கிலும் உண்டு, 3 மடங்கிலும் உண்டு. அதில் குறி கண்ணாடியிலேயே கீறப்பட்டிருக்கும், பற்றரி செத்தாலும் கறுப்பாக நிற்கும். பின்னால் ஒரு வளையத்தைத் திருகி அந்தக் கீறலை உங்கள் கண்ணுக்குக் கூர்மையாக்கலாம். ஆனால் கண்ணைக் கிட்ட, ஒரே இடத்தில் வைக்கவேண்டும். றெட் டொட் மாதிரி எங்கே நின்றும் பார்க்க முடியாது. மற்றது 1 முதல் 6 மடங்கு வரை கூட்டிக் குறைக்கிற ஸ்கோப். பாரம், ஆனால் பொழுது படுகிற நேரத்தில் மானின் கொம்பு தெரியும். நான் முதல் வகையில்தான் நிற்கிறேன். உங்களுக்கும் அதுதான்.

கொக்குவில்காரன்:
சித்தப்பா, யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு துவக்குச் சாமான் பார்சலில் எடுப்பிக்கச் சொல்லுறீங்களோ? கஸ்ரம்ஸ்காரனுக்கு "வியாழன் பார்க்க" என்று சொன்னால் நம்புவானா?

பழைய லென்ஸ்:
சித்தப்பா பாதி சரி. அந்த வளையம் கிட்டப்பார்வை, தூரப்பார்வையைத்தான் திருத்தும். அஸ்ரிக்மாற்றிசத்தைத் தொடாது. கீறின குறி ஏன் நல்லாத் தெரிகிறது என்றால், அது பகல் வெளிச்சத்தில் ஒரு கறுப்புக் கோடு. இருட்டில் ஒளிருகிற புள்ளி இல்லை. அதே பிறிசத்தை இரவு வானத்துக்கு நீட்டினால் கறுப்புக் கோடு கறுப்பு வானத்தில் காணாமல் போகும். பார்க்க வேண்டுமென்று உள்லைற்றைப் போடுவீர்கள். போட்டால் அதுவும் ஒளிரும், திரும்பவும் சிதறும். காட்டில் சரியான விடை வானத்தில் பிழை.

ஸ்காபரோ சித்தப்பா:
உள்லைற்றைக் குறைத்துப் போட்டால் ஓரளவு சமாளிக்கலாம், ராசா. நான் பொழுதுபட்ட நேரமும் பார்த்திருக்கிறேன். ஆனால் வானத்துக்கு நீட்டினதில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன்.

கோண்டாவில் ரேடியோ:
இவ்வளவு கதை எதற்கு? பச்சை லேசரை மேலே பூட்டுங்கோ. வானத்தில் கோடு நேரே நிற்கும், கோட்டின் நுனியில் வியாழன். கண்ணைக் கருவிக்குக் கிட்டக் கொண்டுபோகவே தேவையில்லை.

கொக்குவில்காரன்:
பலாலிக்கு விமானம் வந்து போகிற ஊரில் லேசரோ? வேண்டவே வேண்டாம்.

கோண்டாவில் ரேடியோ:
விமானம் என்ன, என் வீட்டுக் கிணற்றடிக்கா இறங்குது? நான் நேரே மேலேதான் பிடிப்பேன்.

கொக்குவில்காரன்:
ஒளி கிணற்றடியோடு நிற்காது. பல கிலோமீற்றர் போகும், போகப் போக விரியும், விமானியின் முன்கண்ணாடியில் பட்டால் முழுக் கண்ணாடியும் பச்சையாகக் கூசும். பக்கத்துக் காம்பில் இருந்து வந்து விசாரித்தால் அஸ்ரிக்மாற்றிசம் என்று விளக்கம் சொல்லுவீர்களா?

கோண்டாவில் ரேடியோ:
எல்லாத்துக்கும் பயப்பட்டால் ரோர்ச்சும் அடிக்க ஏலாது.

பழைய லென்ஸ்:
லேசர் கதையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வடலி:
மன்னிக்கவும், வேலை. 130 மில்லிமீற்றர் நியூட்டோனியன் (ஆடி வைத்த தொலைநோக்கி), குவியத்தூரம் 650. 25, 10 மில்லிமீற்றர் கண்வில்லைகள். வயது 41. கண்ணாடி இருக்கு, வலது கண் −0.75, சிலிண்டர் −1.75, அக்சிஸ் 170 (சிலிண்டர் என்றது அஸ்ரிக்மாற்றிசத்தின் அளவு, அக்சிஸ் அதன் திசை). ஆனால் தொலைநோக்கி பார்க்கும்போது கழற்றிவைப்பேன், எல்லாரும் அப்படித்தானே? 25இல் நட்சத்திரம் கொஞ்சம் இழுபடும், 10இல் நல்லாயிருக்கு.

பழைய லென்ஸ்:
இதை முதலிலேயே எழுதியிருந்தால் இருபது பதில் மிச்சம். 650ஐ 25ஆல் வகுத்தால் 26 மடங்கு. 130ஐ 26ஆல் வகுத்தால் 5 மில்லிமீற்றர், அதுதான் கண்ணுக்குள் வருகிற ஒளிக்கற்றையின் அகலம். 10 போட்டால் 65 மடங்கு, கற்றை 2 மில்லிமீற்றர். கற்றை ஒடுங்கினால் கருவிழியின் நடுப்பகுதி மட்டும் வேலை செய்யும், கோணல் தெரியாது. மட்டைத் துளையும் இதேதான். பழைய துப்பாக்கிகளின் பின்சைற்றில் சின்ன ஓட்டை வைத்திருப்பதும் கண்ணுக்கு இப்படித்தான் உதவுகிறது, சித்தப்பாவுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் துளை மட்டையை வைத்துக்கொண்டு நட்சத்திரம் தேட வேண்டாம், மங்கலான நட்சத்திரமெல்லாம் போய்விடும். அது சோதனைக்கு மட்டும்.

கண்ணாடியைக் கழற்றிவைப்பது கிட்டப்பார்வை மட்டும் உள்ளவர்களுக்குச் சரி, ஃபோக்கஸ் திருகியால் அது சரியாகும். சிலிண்டர் 1.75 உள்ளவர் கழற்றக் கூடாது. றெட் டொட்டில் ஃபோக்கஸ் திருகியே கிடையாது.

மூக்குக்கண்ணாடி:
ஆமாம் அண்ணா, போட்டுக்கொண்டே பாருங்கள். றெட் டொட்டுக்குக் கண்ணைக் கிட்ட வைக்கத் தேவையில்லை, அதனால் கண்ணாடி இடிக்காது. வெளிச்சத்தையும் மிகக் குறைந்த படிக்கு இறக்குங்கள். முடிந்தால் கண்ணை ஒருக்கால் திரும்பச் சோதியுங்கள், பழைய சீட்டு என்றால் சிலிண்டர் மாறியிருக்கும்.

கொக்குவில்காரன்:
அதற்குப் பிறகும் சரிவராவிட்டால் வேறு வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். என்னைக் கேட்டால் 6×30 (6 மடங்கு, முன்வில்லை 30 மில்லிமீற்றர்) சின்னத் தொலைநோக்கி, சிலுவைக் கோடு உள்ளது. கண்ணில் இழுவை அதே அளவுதான் இருக்கும், ஆனால் ஆறு மடங்கு பெருப்பித்துப் பார்ப்பதால் வானத்தில் அது ஆறில் ஒரு பங்கு இடத்தைத்தான் மூடும். ரவுண் வானம் கொஞ்சம் வெளிச்சமாக இருப்பதால் கோடும் தெரியும். தீவகத்துப் பக்கம் இருட்டான இடத்துக்குக் கொண்டுபோனால் கோட்டைத் தேட வேண்டும்தான். டெல்றாட் என்று ஒன்று உண்டு, புள்ளிக்குப் பதில் அரை, 2, 4 பாகை அளவில் மூன்று வளையங்கள் தெரியும். வளையம் கொஞ்சம் சிதறினாலும் நடு எங்கே என்று கண் கண்டுபிடித்துவிடும். ஆனால் பெரிய சாமான், 130இன் குழாயில் நிறைய இடத்தைப் பிடித்துவிடும்.

ஸ்காபரோ சித்தப்பா:
அந்த ஆறில் ஒரு பங்குக் கணக்குத்தான் துவக்கிலும். 1 மடங்கில் மானின் தோளை மூடுகிற சிதறல், 4இல் வைத்தால் கால்வாசி. அதனால்தான் கூட்டிக் குறைக்கிற ஸ்கோப்பை ஆட்கள் விடுகிறார்கள் இல்லை.

பழைய லென்ஸ்:
உங்கள் மவுண்ட் (தொலைநோக்கியைத் தாங்குகிற தாங்கி) ஈகியூவா, அதாவது அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சாய்த்துவைக்கிற வகையா? துருவ நட்சத்திரம் இங்கே அடிவானத்தில் இருந்து கிட்டத்தட்ட 10 பாகையில்தான், பனைக்குப் பின்னால் நிற்கும். அந்த வகை மவுண்டுகளில் பல இவ்வளவு தாழ இறங்காது. அதையும் பாருங்கள்.

கோண்டாவில் ரேடியோ:
லேசர் என்றால் பனைக்கு மேலாலும் தெரியும்.

வடலி:
கண்ணாடி போட்டுப் பார்த்தேன். புள்ளி வட்டம், சின்னது. போன் படத்திலும் வட்டம். திருப்பி அனுப்பவில்லை. எல்லாருக்கும் நன்றி.

மூக்குக்கண்ணாடி:
நல்லது அண்ணா. உங்கள் கண்ணாடி பைஃபோக்கலா? என்றால் மேல் பாதியால் பாருங்கள், கீழ்ப் பாதி வாசிக்கிறதுக்கு, புள்ளி திரும்பவும் கலங்கும்.

ஸ்காபரோ சித்தப்பா:
10 கண்வில்லையில் கண்ணாடி இடிக்கவில்லையா, தம்பி?