மூன்று மடங்கு ஆடும் எண்ணை வைத்துக் காட்டுக்கு விலை போடலாமா?

கிளைநுனி:
காடு தரும் சேவைகளுக்குப் பண மதிப்பு போடும் ஆய்வுகளைச் சில வாரங்களாகப் படித்து வருகிறேன். படிக்கப் படிக்கச் சந்தேகம்தான் வளர்கிறது. 1997-இல் சூழலியல் பொருளியலாளர் ராபர்ட் கோஸ்டான்சாவும் சகாக்களும் பூமி முழுவதற்கும் ஒரு கணக்குப் போட்டார்கள். காடு, கடல், சதுப்புநிலம் எல்லாவற்றிலும் சேர்த்து 17 வகைச் சேவைகள். ஆண்டுக்கு 16 முதல் 54 லட்சம் கோடி டாலர், சராசரி 33. கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் மூன்று மடங்குக்கு மேல் இடைவெளி! பாலம் கட்ட இப்படி ஒரு மதிப்பீடு கொடுத்தால் அந்தப் பொறியாளருக்கு மறுநாள் வேலை இருக்காது. அன்றைக்கு உலகத்தின் மொத்த உற்பத்தியே 18 லட்சம் கோடி அளவில்தான் இருந்தது. இந்த எண்ணை நம்பி எந்தக் காட்டைப் பற்றியும் முடிவெடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

கூட்டுவட்டி:
அந்த மொத்தத் தொகையைக் காப்பாற்ற நானும் வரவில்லை. மைக்கேல் டோமன் என்ற பொருளியலாளர் அதை, முடிவிலியைக் குறைத்து மதிப்பிட்ட கணக்கு என்று கிண்டலடித்தார். இயற்கையே இல்லாத பூமியோடு ஒப்பிட்டால் விலைக்கு எல்லை ஏது?

ஆனால் நிஜத்தில் மேசைக்கு வரும் கேள்வி வேறு. இந்த நூறு எக்டேரை வெட்டலாமா, விடலாமா? வெட்டிய மரத்துக்கு விலை இருக்கிறது, காலியான நிலத்துக்கும் இருக்கிறது. நிற்கும் காட்டுக்கு நீங்கள் எண் போடாவிட்டால், பூஜ்யம் போட்டதாகத்தான் கணக்கு முடியும். நியூயார்க் நகரத்தைப் பாருங்கள். குடிநீர் வடிகட்டும் நிலையத்துக்கு 600 முதல் 800 கோடி டாலர் ஆகும் என்றார்கள். 1997-இல் நகரத்துக்குக் குடிநீர் வரும் கேட்ஸ்கில் மலைகளின் நீர்ப்பிடிப்புப் பகுதியைப் பாதுகாக்க ஒப்பந்தம் போட்டு, அதில் ஒரு சின்னப் பங்கோடு வேலையை முடித்தார்கள்.

தூவானம்:
நியூயார்க் கதை வராமல் இந்தப் பேச்சு முடியாது போல.

அந்தப் பணம் முழுவதும் மரத்துக்கா போனது? கழிவுநீர் நிலையங்களைச் சீரமைக்க, வீட்டுக் கழிவுத்தொட்டிகளை மாற்ற, பண்ணைச் சாணம் ஓடையில் கலக்காமல் தடுக்க என்று பல பக்கம் பிரிந்தது. அதோடு, வடிகட்டியே ஆக வேண்டும் என்ற மத்திய அரசின் விதி 1989-இல் வந்திருக்காவிட்டால் மிச்சப்படுத்த அங்கே செலவே இருந்திருக்காது.

தண்ணீர் விஷயத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. காடு இருந்தால் ஆற்றில் நீர் பெருகும் என்று எல்லாரும் சொல்வோம். பாஷ், ஹியூலெட் என்ற ஆய்வாளர்கள் 1982-இல் 94 நீர்ப்பிடிப்புச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலும் மரத்தை வெட்டினால்தான் ஆண்டு நீரோட்டம் கூடியது. மரங்கள் அவ்வளவு நீரைக் குடித்து ஆவியாக்குகின்றன. மண்ணரிப்பு, வண்டல், நீரின் தரம் எல்லாம் வேறு கணக்கு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "தண்ணீர்" என்று ஒரே வரியில் எழுதினால் அது வரவா செலவா என்பதே தெரியாது.

கிளைநுனி:
தூவானம் சொன்னதோடு ஒரு காபித் தோட்டத்தையும் சேர்க்கிறேன். கோஸ்டாரிகாவில் பின்கா சாண்டா ஃபே என்ற பண்ணை. பக்கத்தில் இரண்டு காட்டுத் துண்டுகள். அங்கிருந்து வரும் தேனீக்கள் மகரந்தம் பரப்பியதால், காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த செடிகளில் விளைச்சல் 20 சதவீதம் கூடுதல். பண்ணைக்கு ஆண்டுக்குச் சுமார் 60,000 டாலர் ஆதாயம் என்று டெய்லர் ரிக்கெட்ஸ் குழு 2004-இல் வெளியிட்டது. பூவுக்குப் பூ உட்கார்ந்து பார்த்துச் செய்த நல்ல ஆய்வு. குறையே சொல்ல மாட்டேன்.

அப்புறம் காபி விலை அடியோடு சரிந்தது. பண்ணைக்காரர்கள் காபியை எடுத்துவிட்டு அன்னாசி நட்டார்கள். அன்னாசி காய்க்கத் தேனீ வேண்டாம். தேனீ அதே தேனீ, காடு அதே காடு, 60,000 மட்டும் பூஜ்யம் ஆகிவிட்டது. விலைதான் காட்டைக் காப்பாற்றும் என்றால், அந்த வருடம் அதைக் காப்பாற்ற எது இருந்தது?

கூட்டுவட்டி:
நல்ல உதாரணம். ஆனால் அது என் பக்கம்தான் பேசுகிறது.

அன்னாசியைப் பிடுங்கிவிட்டு மறுபடி காபி நடலாம், சில வருடத்தில் காய்த்துவிடும். விலை விழுந்த வருடத்தில் அந்தக் காட்டையும் வெட்டியிருந்தால்? பொருளியலாளர்கள் கென்னத் ஆரோவும் அந்தோணி ஃபிஷரும் 1974-இல் காட்டிய விஷயம் இதுதான். எதிர்காலம் தெரியாது, பின்னால் தெரிய வரும், செய்தால் திருப்ப முடியாது. இம்மூன்றும் சேர்ந்தால் காத்திருப்பதற்கே தனியாக ஒரு மதிப்பு உண்டு. எனவே நிச்சயமின்மை, கணக்கைத் தூக்கி எறியக் காரணம் ஆகாது. அதையும் கணக்குக்குள் கொண்டுவர வேண்டும்.

தள்ளுபடி விகிதத்தையும் பாருங்கள், அதாவது பின்னால் கிடைக்கும் பணத்தை இன்றைய மதிப்புக்கு ஆண்டுக்கு எத்தனை சதவீதம் குறைத்துக் கணக்கிடுகிறோம் என்பதை. நூறு வருடம் கழித்துக் கிடைக்கும் 1,000 டாலரின் இன்றைய மதிப்பு, 1 சதவீதத்தில் சுமார் 370. 7 சதவீதத்தில் ஒரு டாலரும் சில்லறையும். எது சரி என்று தெரியாது, பாதிக்குப் பாதி வாய்ப்பு. பலர் நடுவில் 4 சதவீதம் என்று வைத்து 20 டாலர் என்று முடித்துவிடுவார்கள். அது தப்பு. சராசரி எடுக்க வேண்டியது விகிதத்துக்கு அல்ல, மதிப்புக்கு. அப்படி எடுத்தால் 185 வருகிறது, ஒன்பது மடங்கு! தூரம் போகப் போகக் குறைந்த விகிதம்தான் ஆட்சி செய்யும் என்று பொருளியலாளர் மார்ட்டின் வைட்ஸ்மன் 1998-இல் சொன்னது இதைத்தான்.

கிளைநுனி:
கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. அந்த 1-ஐயும் 7-ஐயும் யார் தேர்ந்தெடுத்தது? 2023-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு டன் கரியமில வாயு விளைவிக்கும் சேதத்துக்குப் போட்ட மதிப்பு: 2.5 சதவீதத்தில் 120 டாலர், 2-இல் 190, 1.5-இல் 340. ஒரே டன், ஒரே காற்று. ஒரு சதவீதப் புள்ளியில் காட்டின் தலையெழுத்து மாறுகிறது. அதை "அறிவியல் மதிப்பீடு" என்று சொல்லி மேசையில் வைப்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஓரமாய் ஒருவன்:
குறுக்கே வருகிறேன். கோஸ்டாரிகா 1996-லேயே சட்டம் போட்டு, எரிபொருள் வரியிலிருந்து காட்டு உரிமையாளர்களுக்குப் பணம் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. கரியமிலம், நீர், பல்லுயிர், இயற்கை அழகு என்று நான்கையும் சட்டத்தில் எழுதினார்கள். ஒவ்வொன்றின் துல்லிய விலைக்காகக் காத்திருக்கவில்லை. மாடு மேய்ப்பதில் வரும் வருமானத்துக்குக் கிட்டத்தட்ட ஈடாக இருந்தால் போதும் என்று தொகையை வைத்தார்கள். நீங்கள் இருவரும் சண்டை போடும் எண் அங்கே தேவையே படவில்லையே?

தூவானம்:
அது காட்டின் மதிப்பு இல்லை, மாட்டின் மதிப்பு. 🙂 ஆரம்ப வருடங்களில் பணம் வாங்கிய காட்டில் பெரும்பகுதி, பணம் தராவிட்டாலும் நின்றிருக்கும் என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்லின. மேய்ச்சலுக்கு ஆகாத சரிவுகளைத்தான் முதலில் கொண்டுவந்து பதிவு செய்தார்கள். மனிதர்கள் மனிதர்கள்தானே.

கூட்டுவட்டி:
சரி, ஒற்றை எண் வேண்டாம், விட்டுக்கொடுக்கிறேன். கிளைநுனி, நாளைக்கே நூறு எக்டேர் கோப்பு ஒன்று உங்கள் மேசைக்கு வருகிறது. "நிற்கும் காட்டின் மதிப்பு" என்று ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. என்ன எழுதுவீர்கள்?

கிளைநுனி:
எண் எழுத மாட்டேன். "வெட்டினால் திரும்பாது" என்று எழுதுவேன்.

கூட்டுவட்டி:
அடுத்த மேசையில் இருப்பவர் அதைக் கூட்ட முடியாமல் பூஜ்யம் என்று தட்டச்சு செய்வார்.

கிளைநுனி:
செய்வார். அதுதான் எரிச்சல். போகட்டும், கீழ் எல்லையை மட்டும் எழுதுகிறேன். எதெல்லாம் அதில் சேரவில்லை என்று பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் போடுவேன். அடிக்குறிப்பில் தள்ள விடமாட்டேன்.

தூவானம்:
அதில் "தண்ணீர்" என்ற கட்டத்தை நிரப்பும் முன் என்னிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.