மாதாவின் ஒளிவட்டத்தில் அரபு எழுத்தா?

வண்ணப்பெட்டி:
ஜென்டிலே தா ஃபாப்ரியானோ 1423-இல் தீட்டிய படம், மூன்று ராஜாக்கள் குழந்தை இயேசுவை வணங்குவது. பெரிதாக்கிப் பார்த்தேன். மாதாவின் தலைக்குப் பின்னால் உள்ள பொன்வட்டத்தில் அரபு மாதிரி எழுத்து ஓடுகிறது. ஃபிளாரன்ஸ் தேவாலயத்துக்காக வரைந்த படத்தில் அரபு எப்படி? ஏதாவது எழுதியிருக்கிறதா?

கடலோடி:
சின்ன வயதிலிருந்து குர்ஆன் ஓதிப் பழகியவன். எழுத்துக் கூட்டிப் பார்த்தேன், வாசகமாகத் தேறவில்லை. எழுத்தின் சாயல் மட்டும்தான். நடுநடுவே பூவட்டம் வைத்துப் பிரித்திருப்பதைப் பாருங்கள். எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட மம்லூக் சுல்தான்கள் காலத்துப் பித்தளைத் தட்டுகளில் இதே அமைப்பு உண்டு. வெள்ளி பதித்த அந்தத் தட்டுகளை எகிப்திலிருந்தும் சிரியாவிலிருந்தும் இத்தாலி வியாபாரிகள் வாங்கிப் போனார்கள்.

ஊசிநூல்:
அதற்கு ஏறக்குறைய 300 வருடம் முன்பு, படிக்கக்கூடிய அரபையே ஒரு கிறிஸ்தவ ராஜா உடுத்தியிருக்கிறார். சிசிலியின் இரண்டாம் ரோஜருடைய மேலங்கி, இப்போது வியன்னா அரண்மனைக் கருவூலத்தில் இருக்கிறது. நான் ஆரி, சர்தோசி வேலை செய்பவள். கல்யாண பிளவுஸ் கையில் ஒரு மயிலை முடிக்கவே எனக்கு நாலு நாள் ஆகும். இந்த அங்கி அரைவட்டம், அகலம் கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர்! சிவப்புப் பட்டில் தங்க இழையைப் படியவைத்து, மேலே மெல்லிய நூலால் கட்டிப் பிடித்திருக்கிறார்கள். நாங்கள் இன்றும் ஜரிகையைப் பிடிப்பது அப்படித்தான். உருவங்களின் ஓரத்தில் வரிசையாக முத்து. நடுவில் பேரீச்ச மரம், இருபுறமும் ஒட்டகத்தை அடித்து வீழ்த்தும் சிங்கம். போர்த்தினால் மரம் நடு முதுகில் இறங்கும்.

சிங்கம் ரோஜர், ஒட்டகம் அரபிகள் என்று பலர் எழுதுகிறார்கள். என் மனம் அதை ஏற்கவில்லை. பாலஸ்தீனத்தின் ஜெரிக்கோ பக்கத்தில், உமையா கலீபாக்களின் அரண்மனையில் 8-ஆம் நூற்றாண்டுத் தரைச் சித்திரத்திலேயே சிங்கம் மானைப் பிடிக்கிறது. அந்தப் பக்கத்துப் பழைய வடிவம் அது.

எனக்கு உயிர், வளைந்த கரை முழுக்க ஓடும் கூஃபி என்ற பழைய பாணி அரபு எழுத்துதான். ராஜாவின் பட்டறையில், சிசிலியின் தலைநகரில், 528-ஆம் ஆண்டு செய்தது என்று அதிலேயே இருக்கிறது. அதாவது 1133-34.

வண்ணப்பெட்டி:
528 ஹிஜ்ரியா? கிறிஸ்தவ ராஜா அங்கியில் ஹிஜ்ரி ஆண்டா? முடிசூட்டு அங்கி என்றல்லவா படித்தேன்?

ஊசிநூல்:
ரோஜர் முடிசூடியது 1130-இல், அங்கி அதற்கப்புறம் தைத்தது. பிற்காலத்துப் பேரரசர்கள் முடிசூட்டுக்குப் போர்த்தியதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ரோஜரின் இனத்தாரான நார்மன்கள் சிசிலியின் தலைநகர் பலெர்மோவைப் பிடித்தது 1072-இல். அதற்குமுன் இருநூறு வருடத்துக்கு மேல் அங்கே முஸ்லிம் ஆட்சி. ரோஜரின் அரசு அரபு, கிரேக்கம், லத்தீன் மூன்றிலும் நடந்தது. அல்-இத்ரீசி 1154-இல் அவருக்காக எழுதி முடித்த புவியியல் நூலும் அரபுதான். ஆளும் அரசரின் பெயரைத் துணிக்கரையில் நெய்வதும் தைப்பதும் கலீபாக்களின் வழக்கம், 'திராஸ்' என்பார்கள். தானும் அவர்களுக்குச் சமமான அரசன் என்று காட்ட ரோஜருக்கு அந்தக் கரை வேண்டியிருந்தது. பகலும் இரவும் இன்பமாக, முடிவின்றிக் கழியட்டும் என்று எதுகையோடு வாழ்த்தும் வரிகளும் அதில் உண்டு. தைத்தவர்களில் ஒருவருக்காவது அது படிக்கத் தெரிந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

கடலோடி:
திராஸ் என்றதும் பிரான்சின் ஆப்ட் நகரம் நினைவுக்கு வருகிறது. மாதாவின் தாய் அன்னம்மாளின் முக்காடு என்று அங்கே தேவாலயத்தில் தலைமுறை தலைமுறையாகப் போற்றும் துணி, எகிப்தின் தமியத்தாவில் 1096-97 வாக்கில் நெய்த லினன். அதில் அப்போது எகிப்தை ஆண்ட ஃபாத்திமிய கலீபா அல்-முஸ்தஅலீயின் பெயர் இருக்கிறது. அது தெளிவாகப் படிக்க வருகிறது.